வலப்பக்கம் மட்டும் கடல்

லிஃப்ட்காரருக்குக் கம்பெனியில் பாம்புச்செவி என்று பெயர். இருபத்திரண்டு வருடம் உழைத்துச் சம்பாதித்த பெயர் அது. மற்ற மெக்கானிக்குகள் பேனலைத் திறந்து, மீட்டரை வைத்து, ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற கோளாறை, அவர் கீழ்த்தளத்தில் நின்றபடியே லிஃப்டை ஒருமுறை மேலே அனுப்பி ஒருமுறை கீழே வரவழைத்துச் சொல்லிவிடுவார். மூன்றாவது மாடிக் கதவின் உருளை தேய்ந்திருக்கிறது என்பார். ஏறிப் போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். மொட்டைமாடி மோட்டார் அறையில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் உறையின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அந்த அரை நிமிடம் பக்கத்தில் இருப்பவர்கள் இருமக்கூட மாட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் எழுந்தபோது இடது காது கேட்கவில்லை.

வலி இல்லை, சீழ் இல்லை. குளித்துவிட்டு வந்தால் காதில் தண்ணீர் நிற்குமே, அந்த மாதிரி ஓர் அடைப்பு. உள்ளே, எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிக்கப் போகிற மாதிரி ஒரு சன்னமான சீறல். தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தார். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஒரு வாரம் விட்டார். அழுக்கு வந்தது, காது வரவில்லை. இன்றைக்குச் சரியாகிவிடும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நாலு மாதம் ஓடிப்போனது.

யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் கம்பெனியில் உடனே மேலே ஏறவிட மாட்டார்கள் என்பது ஒரு காரணம். காதை வைத்துப் பெயர் வாங்கியவன் காது போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது என்பது இன்னொன்று. மறைப்பது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை என்பதுதான் அவருக்கே ஆச்சரியம். சாப்பாட்டு மேசையில் இடப்பக்கம் சுவர் வருகிற மாதிரி நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார். போனை வலது காதுக்கு மாற்றினார். காதில் விழாத பேச்சுக்கு மூன்று பதில் தயாராக வைத்திருந்தார். ஒன்று "ம்". இன்னொன்று "பார்க்கலாம்". இரண்டும் பொருந்தாது என்று தோன்றினால் ஒரு சிரிப்பு. வீட்டிலும் வெளியிலும் மனிதர்கள் பேசுவதில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

அடங்காதது ஒன்று இருந்தது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு காதும் சேர்ந்து செய்கிற வேலை அது என்று அதுவரை அவர் யோசித்ததே இல்லை. இப்போது தெருவில் அடிக்கிற ஹார்ன், மாடியில் விழுகிற பாத்திரம், பின்னால் கூப்பிடுகிற ஆள் எல்லாமே வலப்பக்கத்திலிருந்துதான் வந்தன. ஒருநாள் இரட்டை லிஃப்ட் உள்ள ஒரு கட்டடத்தில் பெட்டியின் மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட்டாளி "தோள், தோள்" என்று கத்தினார். இவர் சட்டென்று வலப்பக்கம் திரும்பினார். பக்கத்து லிஃப்டின் இரும்பு எடை இடது தோளுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கிப் போயிற்று. காலையில் சாப்பிடவில்லை, அதனால்தான் தலைசுற்றல் என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

இந்த நிலைமையில்தான் தீவுக்குப் போகிற பேச்சு வந்தது.

பேச்சை எடுத்தது அவருடைய மனைவி. குடிநீர் வாரியத்தில் வரைவாளர். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று தாளில் போடுகிற வேலை. அதிகம் பேசாதவள், பேசினால் கோடு போட்ட மாதிரி பேசுவாள். பள்ளியின் கடைசி வருடத்துக்குப் போகவிருந்த மகளுக்கு விடுமுறை. மனைவியின் அண்ணனும் வருகிறார். படகில் முக்கால் மணி நேரம், ஆளில்லாத தீவு, கடற்கரையில் கூடாரம் போட்டு இரண்டு நாள். லிஃப்ட்காரர் "பார்க்கலாம்" என்றார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாலு பேரும் சேர்ந்து இப்படிப் போக இனி எப்போது வாய்க்குமோ என்றாள். மகளுடைய படிப்பைச் சொல்கிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

மச்சான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எதிலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போடுகிற பழக்கம் அவருக்கு. படகுக்காரருக்கே வழி சொல்லிக்கொண்டு வந்தார். படகுக்காரர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தன் வழியில் போய், தீவின் மணலில் அவர்களை இறக்கினார். மறுநாள் மதியம் வருவதாகச் சொன்னார். காலையில் பனிமூட்டம் இறங்கினால் யாரும் தூரமாகப் போகவேண்டாம், தீவின் வால் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், தண்ணீர் ஏறினால் அந்த மணல்திட்டு முழுகிவிடும் என்றும் சொன்னார். லிஃப்ட்காரர் அப்போது படகின் வலது ஓரத்தில் நின்று மூட்டைகளை வாங்கிக்கொண்டிருந்தார். படகுக்காரர் அவருக்கு இடப்பக்கம் இருந்தார். எதுவும் காதில் விழாத இவர் வழக்கம்போல் சிரித்தார்.

தீவில் காலை வைத்ததிலிருந்தே அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஊரில் சுவர்கள் உண்டு, தெரு உண்டு, சத்தம் எந்தப் பக்கம் இருந்தாலும் கண் கொஞ்சம் சமாளித்துக்கொடுக்கும். இங்கே தட்டையான மணல், இடுப்பளவு புதர், நாலு பக்கமும் தண்ணீர். ஆனால் அவருக்கு அலை ஒரு பக்கத்திலிருந்துதான் வந்தது. இந்தப் பக்கம் திரும்பினால் கடல் வலப்பக்கம். அந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் வலப்பக்கம். கண்ணுக்கு முன்னால் அலை உடைவது தெரிந்தது. அதன் சத்தம் மட்டும் வேறு எங்கோ இருந்தது. படத்துக்குப் பொருந்தாத ஒலியோடு ஓடுகிற டி.வி.யைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கூடாரம் போடும்போது கொஞ்சம் நிம்மதி கிடைத்தது. மச்சான் வரைபடத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார். கூடாரம் ஒருமுறை எழுந்து நின்று, அவர் மேலேயே படுத்துக்கொண்டது. உள்ளேயிருந்து, "யாரும் தொடாதீங்க, இப்ப வந்துடும்" என்று குரல் வந்தது. மகள் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். லிஃப்ட்காரர் அவரை வெளியே எடுத்து, தாளைப் பார்க்காமலே பத்து நிமிடத்தில் இரண்டு கூடாரத்தையும் நிறுத்தினார். முளைகளைச் சுத்தியலால் அடித்து இறக்கும்போது அதிர்வு கையில் ஏறியது. கையில் வருவதை நம்பலாம்.

சாப்பிட்டபின் அவர் கூடாரத்துக்குள் படுத்தார். வழக்கமாக வலது கன்னம் தலையணையில் படும்படி படுப்பவர், அன்று மணல் சரிவாக இருந்ததால் மாறிப் படுத்தார். கேட்கிற காது மேலே வந்தது. கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம், தண்ணீரோரம் மனைவியும் மச்சானும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அலை பின்வாங்குகிற இடைவெளியில் மட்டும் அவர்கள் பேச்சு வந்தது.

"ரெண்டு வீடு, ரெண்டு சமையல்னா சும்மாவா," என்றார் மச்சான்.

அலை வந்து போயிற்று.

"பேப்பர்ல கையெழுத்துப் போட்டாச்சுண்ணா. இனிமே யோசிச்சு என்ன ஆகப்போகுது."

"மாப்ள என்னதான் சொல்றாரு?"

"வாயத் திறக்கல. கையை மட்டும் ரெண்டு தட்டு தட்டினாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேங்குறாரு. சரி, மனசு ஆறட்டும்னு நானும் விட்டுட்டேன்."

மறுபடியும் அலை. அதற்குப் பிறகு பாத்திரச் சத்தம்தான்.

லிஃப்ட்காரர் கூடாரத்தின் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு மாடி இறங்கி நின்ற மாதிரி இருந்தது. விட்டுப் போகிறாள். கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதைத் தன்னிடம் சொல்லியும் இருக்கிறாள். தான் சம்மதமும் கொடுத்திருக்கிறோம். எப்போது? கையைத் தட்டியது நினைவில் இல்லை. வாயைத் திறக்காமல் சொல்வது "ம்" ஒன்றுதான் என்று, நாலு மாதத்தில் தான் சொன்ன "ம்"களை எண்ணிப் பார்க்க முயன்றார். அது நடக்கிற காரியமா? பால்காரருக்கு ஒரு ம், வாட்ச்மேனுக்கு ஒரு ம், மனைவிக்கு ஒரு நாளைக்குப் பத்து. அந்தப் பத்தில் எந்த ஒன்றுக்குள் இது இருந்தது?

அதைவிடக் குழப்பம், யாரும் பிரிந்து போகிறவர்கள் மாதிரி நடந்துகொள்ளவில்லை. கணவனை விட்டுப் போகிறவள் அவருடைய மூட்டுவலித் தைலத்தை ஏன் மறக்காமல் எடுத்து வைத்திருக்கிறாள்? தங்கை குடும்பம் பிரிகிறது என்று தெரிந்த அண்ணன் கூடாரத்துக்குள் சிக்கிக்கொண்டு ஜோக் அடிப்பாரா? மகள் ஏன் சிரிக்கிறாள்? எல்லாரும் பேசிவைத்து, கடைசியாக ஒருமுறை நன்றாக இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்களா? அப்படி ஒரு பழக்கம் எங்காவது உண்டா? நேரே போய்க் கேட்டால் என்ன என்று தோன்றியது. கேட்டால், அன்றைக்குத்தான் சொன்னேனே என்பாள். அன்றைக்குக் காதில் விழவில்லை என்று சொல்ல வேண்டிவரும். அதைச் சொன்னால் மற்றதெல்லாம் சொல்ல வேண்டும். அவர் எழுந்து போய்ப் படகு இறக்கிவிட்ட இடத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

மாலையில் மகள் வந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏதோ சொன்னது அவருக்குத் தெரியாது. "அப்பா, உங்க தோள்ல நண்டு ஏறுது" என்று சாதாரணக் குரலில் இரண்டு தடவை சொன்னாளாம். அவர் அசையவில்லை. எழுந்து வலப்பக்கம் வந்து அதையே இன்னும் மெதுவாகச் சொன்னபோது துள்ளி எழுந்தார். நண்டு இல்லை. அவள் மன்னிப்புக் கேட்டாள், ஆனால் சிரிக்கவில்லை. அதுவும் அவருக்கு விளங்கவில்லை.

அன்றிரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. விடிந்ததும், மற்றவர்கள் எழுவதற்கு முன்பே, அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கி வரலாம் என்று கிளம்பினார். கேஸ் அடுப்பு இருந்தது. சுள்ளி தேவையே இல்லை. கால் போன போக்கில் நடந்தார். மணல் ஈரமாக, கெட்டியாக, நடப்பதற்குச் சுகமாக இருந்தது. எதிரே நிற்பவளிடம் பேசுகிற மாதிரி மனத்துக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனார். நான் என்ன செய்தேன் என்று ஒரு வாக்கியம். நான் எப்போது சரி என்றேன் என்று ஒன்று. நிமிர்ந்து பார்த்தபோது புதர் இல்லை, தீவு இல்லை, கடலும் இல்லை. வெள்ளைத் துணியைத் தலையோடு போர்த்திய மாதிரி மூட்டம். தன் கையைப் பார்த்தார், தெரிந்தது. கால் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் எதுவும் இல்லை.

வந்த காலடித் தடத்தைப் பிடித்துத் திரும்பலாம் என்று குனிந்தார். பத்துப் பதினைந்து அடிக்குத் தடம் இருந்தது. பிறகு தண்ணீர் வந்து அதை அழித்திருந்தது. கணுக்காலளவு தண்ணீர். கடலை விட்டு விலகி நடந்தால் கரை வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். கடல் வலப்பக்கம் கேட்டது. இடப்பக்கம் திரும்பி நடந்தார். கடல் மறுபடியும் வலப்பக்கம். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பின்வாங்கினார். தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. தீவின் வாலில், இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டிருந்த தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

அப்போது கூப்பிடும் குரல் கேட்டது. "அப்பா" என்று மகள். "மாப்ள" என்று மச்சான். "என்னங்க" என்று அவள். எல்லாம் தெளிவாகக் கேட்டது. எல்லாம் வலப்பக்கம். அந்தப் பக்கம் பத்து அடி வைத்தார், தண்ணீர் ஆழமாயிற்று. மறுபடியும் மாப்ள, மறுபடியும் வலப்பக்கம், ஆனால் அவர் இப்போது வேறு திசை பார்த்து நின்றார். மச்சான் கரையில் அங்குமிங்கும் ஓடி ஓடிக் கத்தியிருக்கிறார். பதிலுக்கு இவர், "இங்க இருக்கேன்" என்றார். இங்கே என்றால் எங்கே என்று அவருக்கே தெரியாததால் குரல் பாதியில் நின்றுவிட்டது. சுற்றிச் சுற்றி நின்ற இடத்திலேயே திரும்பினார். தலை சுற்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அழுதுவிடுவோமோ என்று பயந்தார்.

கூப்பிடுவது நின்றது. கொஞ்ச நேரம் அலை மட்டும். பிறகு வேறொரு சத்தம் ஆரம்பித்தது. பாத்திரத்தில் கரண்டியால் தட்டுகிற சத்தம். டங், டங், டங். அவசரமில்லாமல், நிற்காமல், ஒரே இடத்திலிருந்து.

அதுவும் வலப்பக்கம்தான் கேட்டது. ஆனால் நிற்காத சத்தம் என்பதால் யோசிக்க நேரம் கிடைத்தது. ஓடுகிற மோட்டாரைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. நின்ற இடத்தில் கால் கால் அடியாகத் திரும்பினார். ஓரிடத்தில் சத்தம் மெலிந்தது. தொடர்ந்து திரும்பினார். மெல்ல வலுத்தது. ஓரிடத்தில் மிகவும் துல்லியமாக, காதுக்குள்ளேயே தட்டுகிற மாதிரி வந்தது. அப்படியானால் வலது காது இப்போது அதற்கு நேரே இருக்கிறது. முகத்தை வலப்பக்கம் கால் வட்டம் திருப்பினார். நடந்தார். இருபது அடி வைத்து நின்று, மறுபடியும் சுற்றிப் பார்த்து, திருத்திக்கொண்டு, மறுபடியும் இருபது அடி. தண்ணீர் தொடை வரை வந்தது. நிற்காமல் போனார். முழங்காலுக்கு இறங்கியது. கணுக்காலுக்கு இறங்கியது. மூட்டத்துக்குள் முதலில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மகளின் சட்டை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு குழம்புச் சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். மனைவியும் மச்சானும் அவளுக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பேசக்கூடாது, நகரக்கூடாது என்று அவள் உத்தரவு போட்டிருந்தாள்.

மனைவி துண்டை நீட்டினாள்.

"கூப்பிட்டது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"விழுந்தும் வரலையா?"

"எங்கேருந்துன்னு தெரியல."

அவள் அவரையே பார்த்தாள். பதிலில் தன்னைக் கேலி செய்கிறாரா, தள்ளுகிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. மகள்தான் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பாவுக்கு இடது காது கேக்கலம்மா. நேத்துலேர்ந்து பார்த்துக்கிட்டிருக்கேன். அந்தப் பக்கம் என்ன சொன்னாலும் போய்ச் சேரல."

மனைவி மெதுவாகக் கேட்டாள். "எப்பலேர்ந்து?"

"நாலு மாசம் இருக்கும்."

மருத்துவரிடம் போனீர்களா என்றோ, ஏன் சொல்லவில்லை என்றோ அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"போன மாசம், அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம், நீங்க எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீங்க?"

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"நான் பின்னாடி வந்து உட்கார்ந்தேனே. தோள்ல கை வெச்சேனே."

லிஃப்ட்காரருக்கு மெல்ல நினைவு வந்தது. மத்தியானத் தூக்கத்துக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எப்போதும் போல வலது கன்னம் தலையணையில். கேட்கிற காது பஞ்சுக்குள். கட்டில் கொஞ்சம் அமுங்கியது. தோளில் கை வந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவள் சும்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் கையை இரண்டு தட்டு தட்டினார். அப்படியே தூங்கிப்போனார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவரும் கேட்டுவிட்டார். "நீ என்னை விட்டுட்டுப் போறியா? பேப்பர்ல கையெழுத்துப் போட்டாச்சுன்னு நேத்து மச்சான்கிட்ட சொன்னியே."

மச்சான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அது வேலை பேப்பர் மாப்ள," என்றார். பிறகு, அவருடைய வாழ்நாளிலேயே மிகச் சரியான நேரத்தில் பிரேக் போட்டார். வா, மூட்டம் கலைகிறதா என்று பார்க்கலாம் என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

விஷயம் இதுதான். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் புதிதாக நீரேற்று நிலையம் வந்திருக்கிறது. பஸ்ஸில் எட்டு மணி நேரம். அதற்குப் பொறுப்பாளராக அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பதினேழு வருடம் மற்றவர்கள் யோசித்ததைத் தாளில் வரைந்து கொடுத்தவளுக்கு, குழாயையும் பம்பையும் கண்ணால் பார்த்து நடத்துகிற வேலை. இரண்டு வருடம். மகள் பள்ளியை முடிக்கும்வரை இங்கேயே அப்பாவோடு இருப்பாள். அதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறாள். மறுநாளே சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டாள். வேலையில் போய்ச் சேர இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. போவதற்கு முன் நாலு பேரும் சேர்ந்து இருக்கலாம் என்றுதான் இந்தத் தீவு. அப்பாவுக்கு வருத்தம், அந்தப் பேச்சை எடுக்காதே என்று மகளிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

லிஃப்ட்காரருக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அது இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"ஒருதரம் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்ல."

"முகத்தைப் பார்த்துச் சொல்ற தைரியம் இருந்திருந்தா, முதுகுகிட்ட எதுக்குச் சொல்றேன்?" என்றாள் அவள். பிறகு, "நீங்க கையைத் தட்டினப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இந்த மனுஷனைப் போய்த் தப்பா நினைச்சோமேன்னு அழுதேன். நீங்க தூங்கிட்டீங்க."

"நீ சும்மா வந்து உட்கார்ந்தேன்னு நினைச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆகி, துண்டை வாங்கி அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் அவளை வலப்பக்கம் வந்து உட்காரச் சொன்னார். அன்றைக்குச் சொன்னதை அப்படியே திரும்பச் சொல்லும்படி கேட்டார். அவள் வந்து உட்கார்ந்தாள். ஊரின் பெயரைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள், இரண்டு வருடம் என்றாள். அதெல்லாம் ஏற்கெனவே சொன்னதுதான். நிறுத்திவிட்டாள்.

"இவ்வளவுதானா?"

"இல்ல. வேற நிறைய சொன்னேன். ஒரு அரை மணி நேரம் பேசினேன்."

"அதைச் சொல்லு."

அவள் மணலைக் கையில் அள்ளிக் கீழே விட்டாள். மூட்டம் கலையத் தொடங்கி, முதல் புதர்வரிசை தெரிந்தது. அவள் இரண்டு முறை வாயைத் திறந்தாள். "இப்ப வரல," என்றாள். பொய் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அந்த அரை மணி நேரம் அவருடைய முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்துபோயிருந்தது. அதில் என்ன இருந்தது, குறையா, கொஞ்சலா, இரண்டுமா என்று இனி அவரால் தெரிந்துகொள்ள முடியாது.

வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று அவள் சொன்னாள். அவருடைய வாயில் "ம்" வந்து நின்றது. அதை விழுங்கினார். "பார்க்கலாம்" வந்தது, அதையும் விழுங்கினார். சிரிப்பு வரவே இல்லை. எனக்குத் தெரியவில்லை, இரண்டு மூன்று நாள் கொடு என்றார். அவள் தலையாட்டினாள்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காது மருத்துவரிடம் போனார்கள். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், இனி அந்தக் காது திரும்புவது கஷ்டம் என்றார் மருத்துவர். கம்பெனியிலும் லிஃப்ட்காரர் தானே போய்ச் சொன்னார். இரட்டை லிஃப்ட் கட்டடத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னார். மேலாளர் அன்றைக்கே அவரைப் பெட்டியின் மேல் ஏறுகிற வேலையிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு வாரம் மேசை ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு புகார் வருகிற போனுக்குப் பக்கத்தில் போட்டார்கள். அந்த வேலைக்கு ஒரு காது போதும். ஆட்கள் கோளாறைச் சொல்லத் தெரியாமல் தவிப்பார்கள். அவர், போனைக் கதவுகிட்ட பிடிங்க, இப்ப ஒருதரம் மேல அனுப்புங்க என்பார். பத்துக்கு ஆறு தடவை சரியாகச் சொல்லிவிடுகிறார். முன்பு பத்துக்குப் பத்து. அந்த நாலு அவரை உறுத்துகிறது.

தீவிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள், அவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கீரை அலசிக்கொண்டிருந்தபோது, வாசற்படியில் நின்று, "போயிட்டு வா," என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க? தண்ணிச் சத்தத்துல கேக்கல."

அவர் உள்ளே போய்க் குழாயை மூடிவிட்டு இன்னொரு தடவை சொன்னார்.

அவள் போனாள். கம்பெனியில் கூட்டாளி, என்னப்பா, உன்னைக் கேட்டுட்டுத்தான் போனாங்களா என்று விசாரித்தார். "அவ கேட்டா. எனக்குத்தான் கேக்கல," என்றார் லிஃப்ட்காரர். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து யோசிக்கும்போது, தான் மனதார அனுப்பினோமா, கூச்சத்தில் அனுப்பினோமா என்பது இன்றுவரை அவருக்குத் தெளிவாகவில்லை. சில நாள் ஒன்று என்று தோன்றுகிறது, சில நாள் மற்றது.

ஆறு வாரம் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். மனைவி தலையில் மஞ்சள் தொப்பியும் காலில் ரப்பர் பூட்ஸுமாக வந்து நிலையத்துக்குள் அழைத்துப்போனாள். நாலு பெரிய பம்புகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சுவரெல்லாம் அதிர்ந்தது. அங்கே யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் கையாலும் புருவத்தாலும் பேசிக்கொண்டார்கள். அரை மணி நேரம் லிஃப்ட்காரர் மற்ற எல்லாரையும் போல ஓர் ஆளாக அந்தக் கூடத்தில் நின்றார்.

மறுகோடியில், குழாய்களுக்கு மேலே இருந்த இரும்புப் பாலத்திலிருந்து அவள் அவரைப் பார்த்து இரண்டு கையாலும் ஏதோ காட்டினாள். வட்டம் மாதிரி ஒன்று, பிறகு நெஞ்சைத் தொட்டு ஒன்று. அவருக்குப் புரியவில்லை. என்ன என்று கையை விரித்துக் கேட்டார். அவள் மறுபடியும் காட்டினாள். மறுபடியும் புரியவில்லை. மகளைப் பார்த்தார், அவளும் உதட்டைப் பிதுக்கினாள். மேலே அவள் சிரித்தபடி தலையை ஆட்டிவிட்டு, கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே அடுத்த பம்பை நோக்கி நடந்தாள்.